சர்க்கரை, தங்கம், காப்பி, ரப்பர்: பிரேசிலில் ஊர் ஊராக

சால்வடோர், செவ்வாய் இரவு

பிரேசில் போகிறேன் என்றதும் எல்லோரும் ரியோவைத்தான் கேட்டார்கள். இந்தப் பயணத்தில் ரியோ இல்லை. நாட்டின் பரப்பு 85 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைப்போல இரண்டரை மடங்கு. 26 மாநிலங்கள், தலைநகருக்கென்று தனியாக ஒரு கூட்டாட்சி மாவட்டம், 2022 கணக்கெடுப்பின்படி 20 கோடியே 30 லட்சம் மக்கள். எங்கே தொடங்கினாலும் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். அதனால் எனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். இந்த மண்ணிலிருந்து வெளியே போன செல்வங்களின் வழியே ஊர் ஊராகப் போவது. முதலில் சர்க்கரை, பிறகு தங்கம், காப்பி, அப்புறம் தலைநகரம், கடைசியில் ரப்பர். ரப்பரைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. மனாவ்ஸ் போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.

சால்வடோர் 1549இல் நிறுவப்பட்ட ஊர். 1763 வரை பிரேசிலின் தலைநகரம் இதுதான். மேலூர், கீழூர் என்று இரண்டு அடுக்கு. கீழே துறைமுகமும் கிடங்குகளும், மேலே மாளிகைகளும் தேவாலயங்களும். இரண்டையும் இணைக்க 1873இல் திறந்த லாசெர்டா மின்தூக்கி இன்னும் ஓடுகிறது. மேலே நின்றால் கீழே வளைகுடா முழுக்க ஒரே நீலம். அந்தத் துறையில்தான் கப்பல் கப்பலாக ஆப்பிரிக்கர்களை இறக்கினார்கள்.

பிரேசில் முழுவதற்கும் அப்படி அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 48 லட்சத்துக்குக் குறையாது என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து நேராக இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களைவிட இது பத்து மடங்குக்கும் அதிகம். வடகிழக்குக் கரையின் கரும்புத் தோட்டங்களும் ஆலைகளும் இவர்களை வைத்தே நடந்தன. அமெரிக்கக் கண்டத்தில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடும் பிரேசில்தான். அந்தச் சட்டம் கையெழுத்தான நாள் 1888 மே 13.

இன்று செவ்வாய் என்பதால் மாலையில் பெலோரின்யோவில் இருக்கும் கறுப்பர்களின் ஜெபமாலை மாதா கோவிலுக்குப் போனேன். பெலோரின்யோ என்பது பழைய ஊரின் நடுப்பகுதி. அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த தூண் நின்ற இடம் என்பதால் அந்தப் பெயர். கோவிலின் முகப்பு வானநீலம். வெள்ளையர் கோவில்களில் தங்களுக்கு இடமில்லாத காலத்தில் அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் சேர்ந்து சங்கம் அமைத்து, 18ஆம் நூற்றாண்டு நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. பகலெல்லாம் எசமானர் வேலை, இது மிச்ச நேரத்தில்.

பூசை தொடங்கியதும் பீடத்தின் பக்கத்திலிருந்து மேளம் எழுந்தது. உயரமான ஆப்பிரிக்க மேளங்களைக் கையாலேயே அடிக்கிறார்கள். காணிக்கை நேரம் வந்தபோது பெண்கள் ரொட்டிக் கூடைகளைத் தலையில் சுமந்து, தாளத்துக்கு அடிவைத்து நடுவழியில் ஆடிக்கொண்டே வந்தார்கள். பாட்டு முழுக்கக் கத்தோலிக்கப் பாட்டு, தாளம் மட்டும் கடல் கடந்து வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மா என் கையைப் பிடித்துத் தட்டச் சொல்லிக்கொடுத்தார். பூசை முடிந்ததும் ஆசீர்வதித்த ரொட்டியில் ஒரு துண்டு என் கையில் வைத்தார். இதை எழுதும்போது மணி பதினொன்று, வெளியே இன்னும் மேளம் கேட்கிறது.

சால்வடோர், புதன்

காலை முழுக்க நடை. மதியம் ஒரு அக்கராஜே கடை. கடை என்றால் தெருமுனையில் ஒரு மேசை, ஒரு அகலமான வாணலி, வெள்ளை லேஸ் பாவாடையும் தலைப்பாகையும் கட்டிய ஓர் அம்மா. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயம் சேர்த்து அரைத்து, மரக்கரண்டியால் மாவு நுரைக்கும்வரை அடிக்கிறார். அந்த அடிதான் பக்குவம். பிறகு செம்பனை எண்ணெயில் பொரிக்கிறார். டென்டே என்கிற அந்த எண்ணெய் குங்கும நிறம், வாசனை மூக்கைவிட்டுப் போகாது. பொரித்ததை இரண்டாகப் பிளந்து, ரொட்டியும் இறாலும் தேங்காய்ப்பாலும் கூட்டிய வட்டப்பா, வெண்டைக்காய்க் கூட்டு, தோலோடு காய்ந்த இறால், மிளகாய் எல்லாம் திணித்துத் தருகிறார்.

அவர் கழுத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பாசிமணி. யொரூபா மக்கள் கொண்டுவந்த தெய்வங்களில் இடிக்கும் நெருப்புக்கும் உரிய ஷாங்கோவின் நிறம் அது. அக்கராஜேயே அவர் மனைவி இயான்சாவின் படையல் என்றார் அந்த அம்மா. அடிமைக் காலத்திலேயே பெண்கள் தெருவில் இதை விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து விடுதலை வாங்கியவர்களும் உண்டு. 2005இல் இந்தத் தொழிலை நாட்டின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பாடநூல் வரலாறு இந்நாட்டை 1500 ஏப்ரல் 22இலிருந்து தொடங்குகிறது. பெட்ரோ அல்வாரெஸ் கப்ரால் இந்தியாவுக்குக் கிளம்பிய கப்பல் கூட்டத்தோடு இந்தக் கரையில் ஒதுங்கிய நாள். கொஞ்ச நாள் தங்கிவிட்டு அதே ஆண்டு கோழிக்கோட்டுக்கும் வந்துசேர்ந்தார். அந்தக் கடல்வழியில்தான் பிரேசில் மண்ணின் முந்திரியும் மரவள்ளியும் நம் பக்கம் வந்தன. மாவும் பலாவும் தென்னையும் இந்தப் பக்கம் வந்தன. இந்த ஊர்ச் சந்தையில் பலாப்பழத்தை ஜாக்கா என்று கூவி விற்கிறார்கள்.

பாஹியா மாநிலத்துக்காரரிடம் சுதந்திர நாள் எது என்று கேட்டால் ஜூலை 2 என்பார். நாடு கொண்டாடுவது செப்டம்பர் 7. 1822இல் இளவரசர் பெட்ரோ சுதந்திரம் அறிவித்த பிறகும் போர்ச்சுகல் படை சால்வடோரை விடவில்லை. பாஹியா மக்கள் 1823 ஜூலை 2 வரை சண்டையிட்டு வெளியேற்றினார்கள். ஆண் வேடத்தில் படையில் சேர்ந்த மரியா கிட்டேரியா இந்தப் போரின் நாயகி. கூட்டாட்சி என்பதை இங்கே நான் முதலில் உணர்ந்தது இதில்தான். அரசியல் சட்டம் ஒன்று, நாள்காட்டி மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

ஓரோ பிரேட்டோ, வெள்ளி

நேற்று பெலோ ஒரிசோன்டேக்கு விமானம், அங்கிருந்து மலைப்பாதையில் பேருந்து. பயணத்திலேயே நாள் போய்விட்டது.

1690களில் இந்த மலைகளில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் வடகிழக்கின் பண்ணைகளிலிருந்து அடிமைகளை இங்கே விற்றார்கள், போர்ச்சுகலிலிருந்து ஆட்கள் கிளம்பி வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு வந்த தங்கத்தில் பெரும்பங்கு பிரேசிலுடையது. தலைநகரம் 1763இல் சால்வடோரைவிட்டு ரியோவுக்குப் போனதற்கும் இந்தத் தங்கம் இறங்கும் துறைமுகம் அது என்பது பெரிய காரணம்.

ஊர் முழுக்க ஏற்ற இறக்கம். கல் பாவிய தெருக்கள் மழையில் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன. காலையில் ஊருக்குள்ளேயே இருக்கும் பழைய சுரங்கம் ஒன்றில் இறங்கினேன். சிக்கோ ரெய் என்ற பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. காங்கோவின் மன்னராக இருந்து பிடித்துவரப்பட்டு, சுரங்கத்தில் உழைத்துத் தன்னையும் தன் மக்களையும் மீட்டார் என்பது ஊரார் சொல்லும் கதை. தலைமயிரில் தங்கத் தூளை மறைத்துக் கொண்டுவந்து மேலே இருக்கும் சான்டா எஃபிஜேனியா கோவிலில் கழுவிச் சேர்த்தார்கள் என்றும் சொல்கிறார்கள். கதை எப்படியோ, சுரங்கம் கண்முன்னால் இருக்கிறது. நுழைந்து சில அடி போனதும் குனிய வேண்டியிருந்தது, பிறகு முதுகு முழுக்க வளைந்துவிட்டது. சுவரில் உளி விழுந்த தடங்கள் விரல் அகலத்துக்கு வரிவரியாக இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் ஓர் அடி. கை வைத்துப் பார்த்தேன், ஈரமான செம்மண் ஒட்டிக்கொண்டது.

எடுத்த தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு போர்ச்சுகல் மன்னருக்கு. ஆண்டுக்கு 100 அரோபா, அதாவது ஏறக்குறைய 1,500 கிலோ சேர வேண்டும் என்று வரம்பு. தங்கம் வற்றிய பிறகும் வரம்பு குறையவில்லை. பாக்கியைக் கட்டாயமாக வசூலிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது 1789இல் இங்கே ஒரு கிளர்ச்சித் திட்டம் உருவானது. கவிஞர்கள், பாதிரியார்கள், பணக்காரர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டதும் மற்றவர்களுக்கெல்லாம் தண்டனை குறைந்தது. தூக்கில் ஏற்றப்பட்டவர் ஒருவர்தான். ஜோவாகிம் ஜோஸே டா சில்வா சேவியர், பல் பிடுங்கும் வேலையும் செய்ததால் டிராடென்டெஸ் என்று அழைக்கப்பட்ட கீழ்நிலைப் படை அதிகாரி. 1792 ஏப்ரல் 21இல் ரியோவில் தூக்கிலிட்டு, உடலைக் கூறுபோட்டு, தலையை இந்த ஊரின் சதுக்கத்தில் கம்பத்தில் வைத்தார்கள். இன்று அந்தச் சதுக்கம் அவர் பெயரில். 1889இல் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தபோது, பழைய அரச குற்றவாளியை நாட்டின் தியாகியாக உயர்த்தினார்கள். ஏப்ரல் 21 தேசிய விடுமுறை.

மதியம் சாவோ ஃபிரான்சிஸ்கோ கோவில் முன்னால் மாக்கல் சந்தை. நம் ஊர்க் கல்சட்டிக்கு எடுப்பதைப்போன்ற கல்தான், இங்கேயும் அதில் சட்டி கடைந்து விற்கிறார்கள். அதே கல்லில்தான் அந்தக் கோவிலின் முகப்பைச் செதுக்கினார் அலெய்ஜாடின்யோ. தந்தை போர்ச்சுகீசியக் கட்டடக் கலைஞர், தாய் ஆப்பிரிக்க அடிமைப்பெண். நோயால் கைகால் குறுகிய பிறகும் உளியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வேலை செய்தார் என்கிறார்கள். கொங்கோன்யாஸ் ஊரில் அவர் செய்த 12 தீர்க்கதரிசிகளின் சிலைகளைப் பார்க்க நேரமில்லை, அது பெரிய குறை.

சாவோ பாவுலோ, ஞாயிறு

நேற்று வந்தேன். குளிர். சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு பிராஸ் பகுதியில் இருக்கும் குடியேற்ற அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1887 முதல், கப்பலில் சான்டோஸ் துறைமுகம் வந்து ரயிலேறி மலை ஏறியவர்களைத் தங்கவைத்த விடுதி இது. சுமார் 25 லட்சம் பேர் இதன் வழியாகப் போயிருக்கிறார்கள். நீண்ட கூடங்கள், ஒரு சுவர் முழுக்கக் குடும்பப் பெயர்கள் செதுக்கிய மர இழுப்பறைகள். திறந்தால் உள்ளே கடிதங்களின் நகல்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். அடிமை முறை 1888இல் ஒழிந்தது. காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். விடுதலை பெற்ற லட்சக்கணக்கானவர்கள் நாட்டிலேயே இருந்தார்கள். அவர்களுக்குக் காணி நிலமும் தரவில்லை, நியாயமான கூலியும் தரவில்லை. மாநில அரசு காசு போட்டுக் கப்பல் கட்டணம் கட்டி ஐரோப்பாவிலிருந்து ஆட்களை வரவழைத்தது. நாட்டை வெள்ளையாக்க வேண்டும் என்று அன்றைய அறிஞர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். வந்த இத்தாலியர்களையும் தோட்டக்காரர்கள் பழைய பழக்கத்தில் நடத்தியதால், 1902இல் இத்தாலி அரசே இந்த இலவசக் கப்பல் பயணத்தைத் தடுத்தது. அந்த இடைவெளியில் வந்தவர்கள் ஜப்பானியர். 1908 ஜூன் 18இல் கசாட்டோ மாரு கப்பல் சான்டோஸில் 781 பேரை இறக்கியது. இன்று ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நாடு பிரேசில்.

காப்பியில் நம்மவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். 1869இல் அங்கே இலைத்துரு நோய் கண்டது. சில பத்தாண்டுகளில் இலங்கைக் காப்பி அழிந்து, மலை தேயிலைக்கு மாறியது. ஏற்கெனவே முன்னணியில் இருந்த பிரேசிலுக்குப் போட்டி ஒன்று ஒழிந்தது. ஓர் இலையில் படிந்த பூஞ்சை, உலகின் இரண்டு மூலைகளில் யார் எதைப் பறிப்பது என்று முடிவு செய்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மனாவ்ஸில் திரும்ப வரும்.

இன்று ஞாயிறு, பாவுலிஸ்டா சாலையில் வண்டிகளை நிறுத்தி மக்களுக்கு விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் இசைக்குழு, ஒரு பக்கம் குழந்தைகளின் சைக்கிள். மாலையில் லிபர்டாடே பகுதியின் சந்தையில் ஜப்பானியர் கடையில் நூடுல்ஸ். அடுத்த கடையில் லெபனான் வழி வந்த எஸ்ஃபிஹா. அரபு நாட்டுக் குடியேறிகள் கொண்டுவந்த இந்த இறைச்சி ரொட்டியை இந்நாட்டார் தங்கள் சொந்தப் பலகாரமாகவே நினைக்கிறார்கள்.

பிரசிலியா, செவ்வாய்

காற்றில் ஈரமே இல்லை. உதடு வெடிக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் இந்த நடுப் பீடபூமி இப்படித்தான், ஊரே செம்மண் தூசி. அதற்கு நடுவில் இலையெல்லாம் உதிர்ந்து பூ மட்டும் நிற்கும் மஞ்சள் இப்பே மரங்கள்.

கடற்கரையில் நெருங்கிக் கிடந்த நாட்டின் மையத்தை உள்நாட்டுக்கு நகர்த்த வேண்டும் என்பது பழைய எண்ணம். 1891 அரசியல் சட்டத்திலேயே இந்தப் பீடபூமியில் 14,400 சதுர கிலோமீட்டரை வருங்காலத் தலைநகருக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். குடியரசுத் தலைவர் ஜுசெலினோ குபிச்செக் அதைச் செய்து முடித்தார். நகரின் திட்டம் லூசியோ கோஸ்டா, கட்டடங்கள் ஆஸ்கர் நீமெயர். திறப்பு நாள் 1960 ஏப்ரல் 21. ஓரோ பிரேட்டோவில் எழுதியது நினைவிருக்கும், டிராடென்டெஸைத் தூக்கிலிட்ட நாள்.

முப்பெரும் அதிகாரச் சதுக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு பக்கம் குடியரசுத் தலைவர் மாளிகை, எதிரே உச்ச நீதிமன்றம், நடுவில் நாடாளுமன்றம். இரட்டைக் கோபுரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கிண்ணங்கள். கவிழ்த்து வைத்தது செனட், நிமிர்த்தி வைத்தது மக்களவை. 2023 ஜனவரி 8இல் தேர்தல் முடிவை ஏற்காத கும்பல் புகுந்து உடைத்தது இந்த மூன்று கட்டடங்களையும்தான். கண்ணாடிகளெல்லாம் மாற்றிவிட்டார்கள்.

செனட்டில் 81 பேர். மாநிலத்துக்கு மூன்று, தலைநகர் மாவட்டத்துக்கு மூன்று. சாவோ பாவுலோ மாநிலத்தில் 4 கோடியே 44 லட்சம் மக்கள், வடக்கே ரொரைமாவில் 6 லட்சத்துச் சொச்சம். இரண்டுக்கும் மூன்றே மூன்று. மக்களவையின் 513 இடங்களிலும் எந்த மாநிலத்துக்கும் 8க்குக் குறையக் கூடாது, 70க்கு மேல் போகக் கூடாது. சாவோ பாவுலோவில் என்னிடம் பேசிய ஒரு கல்லூரி ஆசிரியர், தன் வாக்குக்கு எடை குறைவு என்று வருத்தப்பட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் செனட்டைப் பொறுத்தவரை என் மனம் இந்த ஏற்பாட்டின் பக்கம்தான். கூட்டாட்சி என்று பெயர் வைத்துக்கொண்டு தலைக்கணக்கு ஒன்றையே எல்லா அவைகளிலும் பார்த்தால், சிறிய மாநிலம் எங்கே போய்ப் பேசும்? நம் மாநிலங்களவையில் இடங்கள் மக்கள்தொகையை ஒட்டித்தான். அதனால்தான் இது எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இந்தக் கூட்டாட்சி எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1937இல் ஜெட்டூலியோ வார்காஸ் சர்வாதிகாரத்தை அறிவித்ததும், ரியோவில் விழா எடுத்து மாநிலக் கொடிகளை ஒவ்வொன்றாக எரித்தார்கள். 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி, ஆளுநர்களை மக்கள் தேர்ந்தெடுக்கும் உரிமை 1982 வரை திரும்பவில்லை. 1988 அரசியல் சட்டம் அதற்கெல்லாம் பதில் சொல்லும்படி எழுதப்பட்டது. அதில் மத்திய அரசு, மாநிலம் இரண்டோடு நகராட்சியும் கூட்டாட்சியின் உறுப்பு. 5,500க்கும் மேற்பட்ட நகராட்சிகள், ஒவ்வொன்றும் தனக்கென்று அடிப்படைச் சட்டம் எழுதிக்கொள்ளலாம்.

பிரசிலியா, புதன்

சதுக்கத்தில் இரண்டு உருவங்கள் சேர்ந்து உயர்ந்து நிற்கும் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. கான்டாங்கோஸ் என்று அழைக்கிறார்கள், இந்த நகரைக் கட்டிய கூலிகளுக்கு அந்தப் பெயர். பெரும்பாலோர் வறட்சிக்குத் தப்பி வடகிழக்கிலிருந்து லாரியில் வந்தவர்கள். கட்டி முடித்ததும் அவர்களுக்கு அந்த அழகான அடுக்குமாடிகளில் இடமில்லை. ஓரங்களில் குடிசை போட்டுத் தங்கினார்கள். 1971இல் அரசு அந்தக் குடிசைகளைப் பிரித்து, சுமார் 80,000 பேரை ஊருக்கு வெளியே வெட்டவெளியில் கொண்டுபோய் விட்டது. அதுதான் இன்றைய செய்லான்டியா.

மெட்ரோவில் அங்கே போனேன். சந்தையில் வெயிலில் உலர்த்திய உப்பிறைச்சி, கட்டிக் கட்டியாக வெல்லம், மரவள்ளி மாவு மூட்டைகள். இந்நாட்டு இறைச்சி மாடுகளில் மிகப்பெரும் பங்கு நெலோரே இனம். நெல்லூர், ஓங்கோல் பக்கத்திலிருந்து கப்பலேறிய திமில் மாட்டின் வம்சம். கடைக்காரரிடம் நெல்லூர் எங்கள் பக்கத்து ஊர் என்றதும் எடை போட்டதற்கு மேலே ஒரு துண்டு வைத்தார்.

சந்தையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாடகர் இல்லம் என்று ஒரு கட்டடம். 1986இல் திறந்தது, இதுவும் நீமெயர் வரைந்ததுதான். வடகிழக்கின் நாட்டுப்புறக் கவிஞர்கள் இருவர் நின்று, கித்தாரோடு எதிரும் புதிருமாக அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிப் போட்டி போடும் இடம். தலைநகரின் மற்ற நீமெயர் கட்டடங்களையெல்லாம்விட இது எனக்குப் பிடித்தது. வாசலில் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

மனாவ்ஸ், வெள்ளி

விமானத்தில் வடமேற்கே மூன்று மணி நேரம். கடைசி ஒன்றரை மணி நேரமும் கீழே காடுதான். அமேசோனாஸ் மாநிலம் ஒன்றே 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் ஏறக்குறையப் பாதி. 20 லட்சம் பேர் வாழும் மனாவ்ஸிலிருந்து நாட்டின் மற்ற பகுதிக்கு நல்ல சாலை கிடையாது. ஆறுதான் நெடுஞ்சாலை.

துறைமுகச் சுவரில் ஆண்டுதோறும் ரியோ நீக்ரோ ஏறிய உச்சத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே 2021, 30.02 மீட்டர். 2024 வறட்சியில் அதே ஆறு 12 மீட்டரை ஒட்டி இறங்கியது. இரண்டும் நான்கே ஆண்டுக்குள். படகோட்டி இதைச் சொல்லும்போது சுவரைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்துச் சொன்னார்.

அவர் படகில்தான் ஆறுகள் சேரும் இடத்துக்குப் போனேன். ரியோ நீக்ரோ கறுப்புக் காப்பி நிறம், சொலிமோயெஸ் சேறு கரைத்த நிறம். ஆறு கிலோமீட்டருக்குக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. வேகம், அடர்த்தி, வெப்பம் மூன்றும் வேறு என்பதே காரணம். படகைக் கோட்டின்மேல் நிறுத்திக் கையை விடச் சொன்னார். நீக்ரோ பக்கம் வெதுவெதுப்பு, இந்தப் பக்கம் விரல் சில்லிட்டது.

நீக்ரோவில் மேலே போனால் சாவோ கப்ரியேல் டா கஷோயெய்ரா என்று ஒரு நகராட்சி. மக்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். 2002இல் அந்த நகராட்சி போர்ச்சுகீசியத்தோடு நியெங்காட்டு, துகானோ, பனிவா மூன்றையும் ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்டது. நாடு முழுக்க ஒரே மொழி என்று வெளியே நினைக்கிறோம். இன்னும் சுமார் 300 பழங்குடி மொழிகள் பேசப்படுகின்றன. ஒரு நகராட்சிக்கு இந்தத் துணிவு வந்ததே எனக்குப் பெரிய செய்தி.

மாலையில் 1896இல் திறந்த அமேசோனாஸ் நாடக அரங்கு. கொடி நிறத்தில் ஓடு வேய்ந்த கும்மட்டம், இத்தாலியப் பளிங்கு. எல்லாம் ரப்பர் காசு.

மனாவ்ஸ், சனி

ரப்பரைக் கடைசிக்கு வைத்த காரணம் இதுதான். என் பாட்டி மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் வெட்டிய மரத்தின் பூர்வீகம் இந்தக் காடு.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் தபாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது சில ஆயிரம். அதில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது, அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு. 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை முந்திவிட்டது, மனாவ்ஸ் விழுந்தது. அமேசானிலும் வரிசையாகத் தோட்டம் போட்டால் என்ன? ஹென்றி ஃபோர்டு 1928 முதல் ஃபோர்டுலாண்டியாவில் போட்டுப் பார்த்தார். மரங்களை நெருக்கி நட்டதும் இலைக்கருகல் பூஞ்சை மொத்தத்தையும் தின்றது. காட்டில் மரத்துக்கு மரம் தள்ளி இருப்பதால்தான் அது பிழைக்கிறது. அந்தப் பூஞ்சை கடல் தாண்டவில்லை. காப்பியில் ஒரு பூஞ்சை இலங்கையைத் தோற்கடித்தது, ரப்பரில் இன்னொன்று பிரேசிலைத் தோற்கடித்தது. இரண்டு முறையும் கூடை தூக்கியதும் கத்தி பிடித்ததும் நம் ஆட்கள்.

காலையில் படகேறி விலா பராய்ஸோ ரப்பர் அருங்காட்சியகம் போனேன். படப்பிடிப்புக்காகக் கட்டிய இடம், இப்போது பழைய ரப்பர்க்காட்டு வாழ்க்கையைக் காட்டுகிறது. முதலாளி வீடு, அதை ஒட்டிக் கடை. வெட்டுக்காரர் அரிசி, மண்ணெண்ணெய், கத்தி எல்லாம் அங்கேதான் கடனுக்கு வாங்க வேண்டும், சொந்தமாகப் பயிர் வைக்கக் கூடாது. வந்த கப்பல் கட்டணத்திலேயே கடன் தொடங்கிவிடும். தீர்ந்தவர் அரிது.

புகைக் குடிசைக்குள் போனதும் தொண்டை கமறியது. பனங்கொட்டைகளை எரித்துப் புகை போட்டு, அதன்மேல் ஒரு கம்பைச் சுழற்றிக்கொண்டே பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள். படலம் படலமாக உறைந்து 30, 40 கிலோ உருண்டை ஆகும். வருடக்கணக்கில் அந்தப் புகையில் உட்கார்ந்தவர்களுக்குக் கண் போனது. வெளியே உயிருள்ள ஒரு மரம் இருந்தது. தகரக் கிண்ணம் பட்டையில் செருகியிருந்தது. எங்கள் பாட்டி அதை மங்கு என்பார். மங்கில் உறைந்து மிஞ்சுவது ஒட்டுப்பால். அவர் தோட்டத்தில் மரங்கள் வரிசையில் நிற்கும், விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம். இங்கே காட்டுக்குள் வளைந்து போகும் ஒரு தடத்தில் நூற்றைம்பது மரம், தலையில் விளக்கு, கையில் துப்பாக்கி.

சுற்றிக் காட்டிய அம்மாவின் தாத்தா சியாராவிலிருந்து வந்த ரப்பர் சிப்பாய். 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு ரப்பர் நின்றுபோனது. அமெரிக்காவும் பிரேசிலும் ஒப்பந்தம் போட்டு, வடகிழக்கிலிருந்து 55,000 பேரளவில் அமேசானுக்கு அனுப்பினார்கள். சிப்பாய் என்று பெயர், வேலை பால் வெட்டு. மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே ஜப்பானியப் படைதான், வேலை நின்றுபோன மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனது. பாட்டியின் அண்ணன் அதில் போனவர், திரும்பவில்லை.

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். தன் தாத்தாவுக்குக் கிடைத்த ஓய்வூதியத்தைப் பற்றிச் சொன்னார். 1988 அரசியல் சட்டம், ஏழ்மையில் இருக்கும் ரப்பர் சிப்பாய்களுக்கு மாதம் இரண்டு குறைந்தபட்ச ஊதியம் ஓய்வூதியம் என்று எழுதியது. நாற்பது ஆண்டு தாமதம், அதற்குள் பலர் போய்விட்டார்கள். அப்படியும், ஒரு நாடு தன் அடிப்படைச் சட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கென்று ஒரு விதி எழுதியிருக்கிறது. சயாமுக்குப் போனவர்களுக்காக எந்த நாட்டு அரசியல் சட்டத்திலும் ஒரு வரி இல்லை.

உங்கள் பாட்டி எப்படி வெட்டுவார் என்று கேட்டார். சிறு வயதில் பாட்டி காட்டியபடி, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரித்து, பட்டையை மெல்லிசாகச் சீவும் கை அசைவைக் காட்டினேன். இங்கும் அப்படித்தான் என்று தன் கையால் செய்து காட்டினார்.

நாளை காலை சான்டரெங்கு போகும் படகு. ஆற்றோட்டத்தோடு ஒன்றரை நாள், தளத்தில் ஊஞ்சல் படுக்கை கட்டித் தூங்க வேண்டும், படுக்கையும் கயிறும் இன்று சந்தையில் வாங்கிவிட்டேன். அங்கிருந்து தபாஜோஸில் மேலேறி ஃபோர்டுலாண்டியாவின் பாழடைந்த ஆலையைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வழியில் சிக்னல் கிடைக்காது என்கிறார்கள், அடுத்த பதிவு கரை இறங்கிய பிறகு.